அத்தை, என்ன வாங்கிட்டு வந்தீங்க?

திருக்கார்த்திகை விளக்கை எடுத்து உள்ளே வைத்த மறுநாளே எனக்கு ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். அன்றிலிருந்து 21 நாள் எண்ணினால், எங்கள் நகரத்தார் வீடுகளில் கொண்டாடுகிற பிள்ளையார் நோன்பு. அதற்கு எங்கள் பெரிய வீட்டுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அண்ணன் தம்பிமார், பங்காளிகள் என்று வந்து இறங்குவார்கள், அரையாண்டு விடுமுறையும் ஒட்டி வந்துவிட்டால் வீடு கொள்ளாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை மொத்தம் ஏழு உருப்படிகள். காரைக்குடியிலேயே தங்கிவிட்ட ஒரே அத்தை நான் என்பதால், பஸ்ஸை விட்டு இறங்கி முகப்பில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஏழு பேரும் பையைப் பிடித்துக்கொள்வார்கள். "அத்தை, என்ன வாங்கிட்டு வந்தீங்க?"

நாலைந்து வருஷம் நான் வாங்கிப்போனதெல்லாம் குப்பை. இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.

அதிலும் ஒரு பெட்டியை மறக்கவே மாட்டேன். மேலே விஞ்ஞானி போல வெள்ளைக் கோட்டு போட்ட பையன் படம், 100 சோதனைகள் என்று கொட்டை எழுத்து, விலை 1,400 ரூபாய். திறந்தால் நாலு பிளாஸ்டிக் குடுவை, ஒரு மோட்டார், இரண்டு வயர், எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம். 100 சோதனையில் பாதிக்கு "வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளவும்" என்று ஏதோ ஒன்று வேண்டும், அந்த ஏதோ ஒன்று எங்கள் வீட்டில் இருக்காது. மூன்றாம் வகுப்புக்காரி ஒரு நாள் முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் படித்துச் சொல்ல வேண்டும், நான் கலக்க வேண்டும், நான் மோட்டாரை மாட்ட வேண்டும். அவளுக்குக் கைதட்டுகிற வேலை மட்டும்தான். மூன்றாம் நாள் அந்தப் பெட்டி பட்டாலையில் (தூண் வைத்த கூடத்தில்) பாய்ச் சுருளுக்குப் பின்னால் கிடந்தது, குடுவைகளை மட்டும் அம்மா கடுகு வெந்தயம் போட எடுத்துக்கொண்டார்.

அதே வருஷம் ஒன்றாம் வகுப்புக்காரனுக்கு ஒரு பேசும் பலகை. எழுத்தை அழுத்தினால் பெயர் சொல்லும், சரியாக அழுத்தினால் கைதட்டும். அவன் இரண்டே நாளில் கண்டுபிடித்தது என்னவென்றால், எதையாவது அழுத்திக்கொண்டே இருந்தால் எப்படியும் ஒரு தடவை கைதட்டிவிடும். சிரித்துக்கொண்டே தட்டினான், தட்டினான், பேட்டரி தீர்ந்தது.

அந்த இரண்டையும் வைத்துத்தான் யோசித்தேன். பிள்ளை செய்தது சரியா தப்பா என்று யார் சொல்வது? முதல் பெட்டியில் நான் சொல்ல வேண்டியிருந்தது. பலகை எதற்கும் வெரி குட் சொன்னது. பெரியவர்களிடம் கேட்காமல், அந்தப் பொருளை வைத்தே பிள்ளை தானாகச் சரிபார்த்துக்கொள்ள முடிந்தால் அதை வாங்கலாம் என்று முடிவு செய்தேன். பெரியவர்கள் சொன்னதே தப்பு என்று காட்ட முடிந்தால் இன்னும் நல்லது, அதைவிடக் குஷி எந்தப் பிள்ளைக்கும் கிடையாது.

முதலில் மாட்டியது ஆழாக்கு, நெல் அரிசி அளக்கிற அந்தக் காலத்து அளவை.

மூன்றாம் வகுப்புக்காரிக்குப் பின்னம் வரவில்லை என்று அண்ணி புலம்பிக்கொண்டிருந்தாள். காலா பெரிசு, அரைக்காலா பெரிசு என்றால் குழம்புவாள். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் (பின்பகுதியில்) பித்தளைப் பட்டம் போட்ட ஒரு படியும் ஒரு உழக்கும் கிடந்தன, உரியும் ஆழாக்கும் காணோம், எந்தப் பங்காளி வீட்டுக்குப் போனதோ. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தெரிந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே போனால் வெளியே வர மனசு வராது. பர்மாத் தேக்குக் கதவு, எனாமல் தூக்குவாளி, ஜெர்மன் பீங்கான் என்று பக்கத்து ஊர் வீடுகளின் வயிறு முழுக்க அங்கேதான் இருக்கிறது. அங்கே அலைந்து உரியும் ஆழாக்கும் வாங்கிவந்தேன். புளி போட்டுத் தேய்த்து, ஒரு ஓலைக் கொட்டானில் நாலையும் அடுக்கிக் கொடுத்தேன். (வண்ண ஓலைக் கொட்டானும் நம் ஊர்ச் சரக்குதான், 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது. கிழித்து எறிகிற பளபளா தாளுக்குக் காசு கொடுப்பதைவிட இது மேல், அவள் இப்போது அதில் ரப்பர் பேண்ட் சேர்க்கிறாள்.)

அவள் முகம் விழுந்துவிட்டது. "பாத்திரமா?"

ஒரு மரக்கால் நெல்லை வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) கொட்டி, "2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. அப்போ படிக்கு எத்தனை ஆழாக்கு?" என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன். விரல்விட்டு எண்ணி 8 என்றாள். அளந்து பார்த்தாள். ஏழாவது ஆழாக்கிலேயே படி நிரம்பி நெல் சிந்த ஆரம்பித்துவிட்டது.

"அத்தை, 8ன்னீங்க. 7லேயே நெறஞ்சிருச்சு."

எனக்குப் பதில் தெரியவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா, அதாவது அவளுடைய அப்பத்தா, கண்ணைத் திறக்காமலே கேட்டார். "தலை தட்டினியா, கோபுரம் கட்டிப் போட்டியா?"

அவள் கோபுரம் கட்டித்தான் போட்டிருந்தாள். அளவையின் வாய் மட்டத்துக்கு மேலே குவிந்திருந்ததெல்லாம் கணக்கில் வராத நெல். ஸ்கேலை எடுத்துவந்து ஒவ்வொரு ஆழாக்கையும் தலை தட்டி மறுபடி அளந்தாள். இப்போது ஏழரை. இன்னும் எட்டு வரவில்லை! உழக்கில் அளந்தால் மட்டும் சரியாக 4, குறையில்லை. அரை மணி நேரம் ஆழாக்கை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள். "இந்த ஆழாக்கு நம்ம வீட்டுது இல்லை, வேற வீட்டுது, இது கொஞ்சம் பெரிசு." அம்மா தலையாட்டினார். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு அளவு, கொடுக்கிற படி ஒன்று வாங்குகிற படி ஒன்று என்று வைத்திருந்த மகராசன்களும் உண்டு என்று ஒரு கதை. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, 1960களின் தொடக்கத்துக்குள் லிட்டரும் கிலோவும் கட்டாயமானதற்கு இந்த ஊருக்கு ஒரு அளவுத் தொல்லையும் ஒரு காரணம்தான். அதை நான் சொல்லத் தொடங்கினேன், அவள் கேட்கவில்லை, படியைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா பங்குக்கு (வீட்டில் அவர்கள் பகுதிக்கு) ஓடிவிட்டாள், அவர்கள் வீட்டு ஆழாக்கைச் சோதிக்க.

ஒன்று கவனித்தேன். நம் பாஷையிலேயே விடை இருக்கிறது. உரி என்றால் அரைப்படி, உழக்கு என்றால் கால்படி, ஆழாக்கு அரைக்கால்படி. அரைக்கால் என்றால் காலில் அரை. இந்தச் சொல்லை வாயால் சொல்லிக்கொண்டே நெல்லைக் கையால் அள்ளினவளுக்கு, எட்டில் ஒன்று நாலில் ஒன்றைவிடச் சின்னது என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பழைய பித்தளை கிடைக்காவிட்டால் எவர்சில்வர் கடையில் ஆழாக்கு, உழக்கு இன்னும் கிடைக்கிறது, ஒரே கடையில் ஒரே ஜோடியாக வாங்குங்கள். வேண்டுமென்றே ஒன்றை மட்டும் பொருந்தாததாக வாங்கினாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். பழைய சாமானில் நெல்லோ மணலோ அளந்தால் போதும், ஈயம் பூசியதா வேறு என்ன உலோகம் கலந்ததா என்று தெரியாததில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

ஆத்தங்குடிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுத் தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல், அதாவது பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்கிற பூப்போட்ட சிமெண்டு டைல்ஸ், வருஷக்கணக்கில் அதன் மேல் உருண்டும் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. போன வருஷம் ஐந்தாம் வகுப்புக்காரனையும் இரண்டாம் வகுப்புக்காரியையும் ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனேன். கீழே ஒரு சதுரக் கண்ணாடி. அதன் மேல் பூ வடிவில் வளைத்த உலோக அச்சு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம், கரைத்த வண்ணச் சிமெண்டைப் பட்டறைக்காரர் சின்னக் கரண்டியால் விட்டுக்கொண்டே போகிறார், ஒரு சொட்டு பக்கத்து அறைக்குத் தாண்டுவதில்லை. அப்புறம் மூச்சைப் பிடித்தது மாதிரி அச்சை நேராக மேலே தூக்குகிறார், நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, கலக்கவில்லை. மேலே சிமெண்டும் மணலும் உலர்வாக ஒரு தூவல், அதற்கு மேல் குழைத்த சாந்து, மட்டம் தட்டி ஓரமாக வைத்துவிடுகிறார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்க வேண்டும், பிறகு வெயில். சூளையே கிடையாது. ஐந்தாம் வகுப்புக்காரனுக்குத்தான் பொறி தட்டியது. "அப்போ நாம பாக்குற பக்கம் அடியில இருக்கு. கண்ணாடி வழவழன்னு இருக்குறதாலதான் கல்லும் வழவழன்னு வருது." கண்ணாடியை விட்டுக் கல்லைப் பிரிக்கும்போது பளபளப்பு அப்படியே வந்தது, இரண்டு பேரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

மூலை லேசாகச் சிதைந்த நாலு கல்லை வாங்கிவந்தேன். ஒரு கல்லில் கால் பூதான் இருக்கும், நாலைச் சேர்த்து வைத்தால் நடுவில் முழுப் பூ. இரண்டாம் வகுப்புக்காரி ஒரு கல்லை மட்டும் திருப்பினாள், பூ உடைந்தது. நாலையும் வெளிப்பக்கமாகத் திருப்பினாள், பூ போய் நட்சத்திரம் மாதிரி ஏதோ வந்தது. அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

கல் கனம், காலில் விழுந்தால் வம்பு. ஒரு கல்லைப் படம் எடுத்து, வண்ணத்தில் 16 பிரதி போட்டு, கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டிக் கொடுத்தேன். மொத்தச் செலவு 200 ரூபாய் ஆகியிருக்காது, இதுவரை நான் கொடுத்ததில் அதிக நாள் ஓடியது அதுதான். அண்ணன் மகன் ஒரு நாள் கேட்டான், நாலு அட்டையை வைத்து மொத்தம் எத்தனை கோலம் போடலாம் என்று. ஒவ்வொரு அட்டையையும் நாலு விதமாகத் திருப்பலாம், அதனால் 4 பெருக்கல் 4 பெருக்கல் 4 பெருக்கல் 4, மொத்தம் 256 என்றேன். நம்பவில்லை. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொன்றாக வரைய ஆரம்பித்தான். 31 வரை போனதும், "இதையே முன்னாடி வரைஞ்சிருக்கேன், திருப்பி வச்சுப் பார்த்தா அதேதான், இதை ரெண்டா எண்ணலாமா கூடாதா?" என்று வந்து நின்றான். அது பெரிய கணக்குக்காரர்கள் கேட்கிற கேள்வி. நான் காபி போடப் போய்விட்டேன்.

எல்லாம் பழசாக இருந்தால் நல்லது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் அந்த வியாதி ஜாஸ்தி. மரப்பாச்சியைக் கொடுத்தேன், ஏழில் ஒன்றுகூட அதைத் தூக்கவில்லை. அதே முனீஸ்வரன் கோவில் தெருவில் 1,800 ரூபாய்க்கு நல்ல கனமான பல்லாங்குழி வாங்கினேன், 14 குழி, மூடினால் மீன் வடிவம், எனக்கே கண்ணைப் பறித்தது. சோழியைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு நோன்பு வேலை பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் குழிகளில் மிக்சர் ஊற்றித் தின்றுகொண்டிருக்கிறார்கள். தப்பு அவர்களுடையது இல்லை, கூட உட்கார்ந்து இரண்டு ஆட்டம் ஆடாமல் பல்லாங்குழி யாருக்கும் வராது. குழியில் 4 சேர்ந்தால் பசு, அது குழிக்காரருக்கு, என்கிற ஒரு விதியே போதும், அதற்குப் பிறகு எதிராளியின் குழியை முன்கூட்டி எண்ணாமல் இருக்க முடியாது, ஆனால் அந்த ஒரு விதியைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நேரமில்லாதவர்கள் இதை வாங்கவே வேண்டாம். இன்னொன்று, சோழி இல்லையென்றால் புளியங்கொட்டை போடுங்கள், அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைப் போட்டுவிடாதீர்கள். அதைக் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்தான விஷம், மஞ்சாடி வேறு, குன்றிமணி வேறு, பிள்ளைக்கு இரண்டும் சிவப்புதான்.

தாயக்கட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடியது. இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம், ஒரு பக்கம் வெறுமை, மற்றதில் 1, 2, 3 புள்ளி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. ஒன்றும் வெறுமையும் விழுந்தால் தாயம், அது விழாமல் காயை இறக்க முடியாது. நாலாம் வகுப்புக்காரனுக்குத் தாயமே விழாமல் அழுகை வந்துவிட்டது, கட்டை என்னை ஏமாத்துது என்று. சரி, எண்ணிப் பார்ப்போம் என்று ஒரு தாளில் கோடு போடச் சொன்னேன், எது விழுந்தாலும் அதன் பேருக்கு நேரே ஒரு கோடு. 100 தடவை உருட்டினான், கடைசியில் மற்ற ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து கத்துகிறார்கள். மூன்றுக்கு நேரேதான் கோடு அதிகம், ஆறும் பன்னிரண்டும் கீழே கிடக்கின்றன. ஏன்? மூத்தவன் உட்கார்ந்து எழுதினான். இரண்டு கட்டை விழக்கூடிய விதம் 16. அதில் மூன்று வருவது 4 விதம், வெறுமையும் 3ம், 3ம் வெறுமையும், 1ம் 2ம், 2ம் 1ம். தாயத்துக்கு 2 விதம்தான். பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று, ஆறுக்கும் ஒன்றே ஒன்று. ஆக 8 உருட்டலுக்கு ஒரு தாயம் எதிர்பார்க்கலாம், 15 உருட்டியும் விழாமல் இருப்பதும் நடக்கும். அழுதவனுக்கு இது ஆறுதலாக இருந்ததா என்றால் இல்லை, "அப்போ எனக்கு ரெண்டு சேத்துக் கொடுங்க" என்றான்.

ஐந்து வகுப்புக்கும் ஒரே பொருள் சரிப்படாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு ஏழு வயசில் விதி உள்ள ஆட்டத்தில் தோற்றால் தாங்காது, அவர்களுக்குக் கையில் பிடித்துப் பார்க்கிற சாமான் நல்லது. ஒன்றாம் வகுப்புக்காரனுக்குக் கைப்பிடி வைத்த நல்ல லென்ஸ் ஒன்று வாங்கினேன், பிளாஸ்டிக் இல்லை, கண்ணாடி லென்ஸ். உப்பையும் சீனியையும் கறுப்புத் தட்டில் தனித்தனியாகக் கொட்டி எது எது என்று நாக்கில் வைக்காமல் சொல் என்றேன். உப்பு குட்டிக் குட்டிப் பெட்டியாக இருக்கும், ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. சரியா என்று நாக்கில் வைத்தே பார்த்துக்கொண்டான், யாரும் கைதட்டவில்லை. எட்டு ஒன்பது வயசு வந்துவிட்டால் நிஜமான சாமான்தான் வேண்டும், பொம்மைச் சுத்தியல் கொடுத்தால் அவமானப்படுகிறார்கள்.

பைனாகுலரும் அப்படித்தான். 150 ரூபாய்க்குக் கிடைக்கிற பச்சை பிளாஸ்டிக்கில் ஒன்றும் தெரியாது, தலைவலிதான். கொஞ்சம் சேர்த்து 8×21 என்று போட்டது வாங்கினேன், 8 மடங்கு கிட்டத்தில் காட்டும், முன்கண்ணாடி 21 மில்லிமீட்டர் அகலம். நோன்பு வருகிற மாசம் வேட்டங்குடிக்குப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி, 1977 முதல் அது சரணாலயம். கூட்டுக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இதைச் சொன்னதும் ஏழும் வாயடைத்துப் போய்விட்டன, ஒரு ஊரே எப்படி வெடி வெடிக்காமல் இருக்கும்? நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் சந்து தெரியும். அது படத்தில் இருக்கிற மாதிரி நிஜமாகவே தெரிகிறதா என்று பார்க்கத்தான் பைனாகுலருக்கு அடிதடி. ஏழு பேருக்கு ஒன்று வாங்கினது என் முட்டாள்தனம்.

பத்திரம் பற்றி இரண்டு வார்த்தை. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கடையில் விற்கிற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வது போன்ற சிலவற்றுக்கு விலக்கு. பெட்டியைத் திருப்பி அதைப் பாருங்கள். பொத்தான் பேட்டரி போட்ட சாமானில் மூடி திருகாணியால் மூடியிருக்க வேண்டும், முழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். குட்டிக் காந்த உருண்டைகள் வேண்டவே வேண்டாம், இரண்டை முழுங்கினால் குடலை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும். வீட்டில் ஒன்றாம் வகுப்புக்குக் கீழே ஒரு வாண்டு இருந்தால், அண்ணனுக்குக் கொடுக்கிறதெல்லாம் அதற்கும் கொடுக்கிற மாதிரிதான்.

பிறந்தநாள் வீட்டுக்குப் போகிறவர்கள் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஒரு பிள்ளைக்கு ஒரே நாளில் ஐந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன், ஐந்தும் அடுத்த ஐந்து பிறந்தநாளுக்குப் போயின. புத்தகம் கொடுத்தால் கொடுப்பவர் ஒரு பக்கமாவது வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுக்கட்டும். சிங்கப்பூர்க்காரிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், அவளுக்குப் புத்தகம் எடுபடவில்லை, அதனால் 12 துண்டுச் சீட்டு எழுதி வீடு முழுக்க ஒளித்துவைத்தேன், "பட்டாலையில் மூன்றாவது தூணின் பின்னால் பார்" என்கிற மாதிரி. தூணா துணியா என்று அவள் மாற்றி வாசித்துக் கொடியில் காயப்போட்ட வேட்டியையெல்லாம் உதறிப் பார்த்தாள், சீட்டு கிடைக்கவில்லை, மறுபடி வாசித்தாள். கடைசிச் சீட்டில் ஒரு பொட்டலம் தேன்குழல். செலவு பூஜ்யம்.

கடைசியாக அந்த டேப் விஷயம், இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன்.

நாலாம் வகுப்புக்காரனுக்கு இரும்புக்கடையில் 5 மீட்டர் டேப் ஒன்று, 120 ரூபாய், ஆசாரிமார் இடுப்பில் மாட்டுவார்களே அதேதான். சுர்ரென்று உள்ளே இழுத்துக்கொள்வதிலேயே அரை நாள் போனது. அப்புறம் தூணை அளந்தான், ஊஞ்சலை அளந்தான், தூங்குகிற சித்தப்பாவை அளந்தான். எங்கள் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நேர்கோட்டில் வாசல் வாசலாகத் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் தெரியும். அந்த முழு நீளத்தையும் அளக்கப்போகிறேன் என்றான். 5 மீட்டர் டேப்பில் எப்படி? சாக்பீஸால் கோடு போட்டு, டேப்பை நகர்த்தி, மறுபடி கோடு. முழு டேப் 10 தடவை, மீதி 4 மீட்டர் 20 சென்டிமீட்டர். 54 மீட்டர் 20. டேப்பின் மேல் ஓரத்தில் அடிக்கணக்கும் இருந்ததால் அதிலும் கூட்டிப் பார்த்து 177 அடி 10 அங்குலம் என்று சாக்பீஸால் கதவிலேயே எழுதிவிட்டான். பர்மாத் தேக்குக் கதவு!

எங்கள் அப்பச்சிக்கு (என் அப்பா, பிள்ளைகளுக்கு ஐயா, அதாவது தாத்தா) கதவில் எழுதியதைவிட அந்த எண்ணின் மேல்தான் கோபம். "180 அடிடா. எங்கய்யா காலத்திலேருந்து 180 அடி. பத்திரத்துல இருக்கு."

"நான் அளந்தேன் ஐயா. 180 இல்லை."

"கோணலா அளந்திருப்பே."

மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்த நேரத்தில் ஏதோ கிரீச் சத்தம் கேட்டு எழுந்துவந்தேன். 78 வயசு மனுஷன் முன்வாசலில் குத்துக்காலிட்டு டேப்பின் நுனியைக் கல்லோடு அழுத்திப் பிடித்திருக்கிறார், பேரன் உள்ளே போய்க்கொண்டிருக்கிறான். நிலையிலிருந்து அளக்கக்கூடாது, வெளியே இருக்கிற படிக்கல்லும் நம்முடையதுதான், அதிலிருந்து பிடி என்பது அவர் கட்சி. பின்னாலும் ஒரு படிக்கல் இருக்கிறதாம். இரண்டையும் சேர்த்தால் 180ஐத் தாண்டி 4 அங்குலம் கூடுதலாகவே வந்தது. அந்த 4 அங்குலம் தெருவுக்குச் சொந்தமா நமக்கா என்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருஷ நோன்புக்கு அவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான், 30 மீட்டர் டேப் வேண்டும், ஊருணியைச் சுற்றி அளக்கணுமாம். சரி, பார்க்கிறேன் என்று போனை வைத்தேன். பத்து நிமிஷத்தில் அப்பச்சியிடமிருந்து இன்னொரு போன். துணி டேப் வாங்கிவிடாதே, இழுத்தால் நீளும், இரும்பாகப் பார்.